சுமை வண்டிக்கு எந்த டயர்?

நம் கடைகளுக்குச் சரக்கு எதில் வந்து சேருகிறது? லாரியில் என்று சொல்வது இப்போது பாதி உண்மைதான். லாரி செங்குன்றம் வரை வரும், கோயம்பேடு வரை வரும். அங்கிருந்து மயிலாப்பூர் மாடவீதிக்கும், தி.நகர் சந்துகளுக்கும், அடையாறு எல்.பி. சாலைக்கும் சரக்கைக் கொண்டு வந்து இறக்குவது சின்ன வண்டிதான். கொத்தவால் சாவடியில் காய்கனி மொத்த வியாபாரம் நடந்த காலத்தில் மாட்டு வண்டியும் மூன்று சக்கர மிதிவண்டியும் ஓரளவு சமாளித்தன. 1996ல் அந்தச் சந்தை கோயம்பேட்டுக்குப் போன பிறகு தூரம் கூடியது. பகலில் பெரிய லாரி நகருக்குள் நுழையக் கட்டுப்பாடும் இருந்தது. 2005ல் டாடா ஏஸ் வந்ததும் மளிகைக்காரரும் காய்கறிக்காரரும் அதைப் பிடித்துக் கொண்டதற்கு இதுவே காரணம். ‘குட்டியானை’ என்று நம் ஊர் அதற்குச் செல்லப் பெயரும் வைத்து விட்டது. 2011ல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. மகிந்திராவின் பிக்கப்பும் நம் கடை வாசல்களில் நிற்கிறது.

வண்டி வாங்கும்போது நாம் எல்லாம் பார்க்கிறோம். விலை, வட்டி, மாதத் தவணை, மைலேஜ், தொட்டியின் நீளம் என்று ஒன்றையும் விடுவதில்லை. நான்கு டயரும் தேய்ந்து புது டயர் வாங்கும் நாள் வரும்போது மட்டும் ‘எது மலிவு?’ என்ற ஒரே கேள்வியோடு கடைக்குப் போகிறோம். வேறு சிலர் நேர் எதிராக, ‘இருப்பதிலேயே கனமான டயரையும் டிஸ்க்கையும் போடு, இன்னும் பத்து மூட்டை ஏற்றலாம்’ என்கிறார்கள். இரண்டும் தவறு என்பது நம் கருத்து. சுமை வண்டிக்குச் சுமை வண்டி டயரைத்தான் போட வேண்டும். அதைப் போட்டு விட்டோம் என்பதற்காக ஒரு மூட்டைகூட அதிகம் ஏற்றக் கூடாது.

முதலில் மலிவு டயரைப் பார்ப்போம். குட்டியானையில் பரவலாக ஓடும் டயரின் பக்கவாட்டில் ‘145 ஆர் 12 எல்.டி. 8 பி.ஆர்.’ என்று அச்சிட்டிருக்கும். பழைய மாருதி 800 காரின் டயரில் ‘145/70 ஆர் 12’ என்று இருக்கும். இரண்டிலும் 145 உண்டு, இரண்டிலும் 12 உண்டு. உள்வட்டம் ஒன்றே என்பதால் டிஸ்க்கில் ஏறியும் விடும். பழைய டயர் விற்கும் இடத்தில் ‘இதுவும் அதே சைஸ்தான் அண்ணாச்சி’ என்று சொன்னால் நம்மில் பலர் தலையாட்டி விடுவோம். விஷயம் அந்த அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன எண்ணில் இருக்கிறது. மாருதி டயரில் அது 69. குட்டியானையின் எட்டுப் பிளை டயரில் 86/84. இவை சுமைக் குறியீட்டு எண்கள். 69 என்றால் ஒரு டயர் 325 கிலோ தாங்கும். 86 என்றால் 530 கிலோ. சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள 84 என்பது, பின்பக்கம் இரட்டை டயர் போடும் வண்டிகளில் ஒரு டயருக்கு 500 கிலோ என்ற கணக்கு. நம் சின்ன வண்டிகளில் பின்னால் ஒற்றை டயர்தான் என்பதால் முதல் எண்ணைப் பார்த்தால் போதும்.

இனி கணக்குப் போடுவோம். கணக்கு நமக்குப் புதிதல்லவே! குட்டியானையின் முதல் மாதிரிக்கு மொத்த எடை 1550 கிலோ. வெறும் வண்டி ஏறத்தாழ 800 கிலோ, சரக்கு முக்கால் டன். சரக்குத் தொட்டி பின் அச்சின் மேல் உட்கார்ந்திருப்பதால் எடையில் பாதிக்கு மேல் பின்னால்தான் விழும். நூற்றுக்கு அறுபது என்று வைத்துக் கொண்டால் 930 கிலோ. எட்டுப் பிளை டயர் இரண்டும் சேர்ந்து 1060 கிலோ தாங்கும், ஆகவே கவலையில்லை. கார் டயர் இரண்டும் சேர்ந்து 650 கிலோதான் தாங்கும். அதாவது, சட்டம் அனுமதிக்கும் முக்கால் டன்னை ஏற்றினாலே கார் டயர் தோற்று விடுகிறது. அதிகச் சுமையைப் பற்றி நாம் இன்னும் பேசவே தொடங்கவில்லை.

தோஸ்த் போன்ற வண்டிகளுக்கும் இதே கதைதான். ‘185 ஆர் 14 எல்.டி. 8 பி.ஆர்.’ டயரின் எண் 102, அதாவது 850 கிலோ. ‘185/70 ஆர் 14’ கார் டயரின் எண் 88, அதாவது 560 கிலோ. கடைக்காரர் விலை சொல்வதற்கு முன் இந்த எண்ணைக் கேளுங்கள். அவர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கடைகளுக்கா பஞ்சம்?

‘8 பி.ஆர்.’ என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. உள்ளே எட்டு அடுக்கு நூல் இருக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். பருத்தி நூலில் டயர் செய்த காலத்தில் அது அடுக்குகளின் எண்ணிக்கையாகவே இருந்தது. இன்று அது வலிமையின் அளவு மட்டுமே. ரேடியல் டயரில் அடுக்கு குறைவாக இருந்தும் எட்டுப் பிளையின் வலிமை இருக்கும். எனவே, ‘வெட்டிப் பார்த்தேன், எட்டு அடுக்கு இல்லை, ஏமாற்றி விட்டான்’ என்று கம்பெனியைத் திட்ட வேண்டியதில்லை.

அடுத்தது கனமான டயர் என்ற ஆசை. இதை ஆசை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கமான் பட்டையில் இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்து, டிஸ்க்கை மாற்றி, 12 அங்குலத்துக்குப் பதில் 13 அங்குல டயரைப் போட்டு, ‘இப்போது ஒன்றரை டன் இழுக்கும்’ என்று சொல்லி நிற்கும் வண்டிகளை நாம் பார்க்கிறோம். இழுக்கும் என்பது சரி. நிற்குமா? பிரேக் டிரம் பழைய அளவுதானே. அச்சு அதே அச்சு. சக்கரத்தின் நடுவில் உள்ள பேரிங்கும், டிஸ்க்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளும் முக்கால் டன்னுக்கென்று போட்டவை. 145 ஆர் 12க்குப் பதில் 155 ஆர் 13 ஏற்றினால் சக்கரத்தின் குறுக்களவு ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் கூடுகிறது. என்ஜினுக்கு இழுவை குறைகிறது, பிரேக்குக்கு வேலை கூடுகிறது, வேகமானி உண்மையான வேகத்தை விடக் குறைத்துக் காட்டுகிறது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசவும் செய்யும். டிஸ்க்கை வெளியே தள்ளிப் போட்டு, வண்டிக்கு அகலமான ‘நிலை’ கொடுப்பதாகச் சொல்வதும் அப்படித்தான். எடை விழும் இடம் வெளியே நகர்வதால் பேரிங் சீக்கிரம் சாகும்.

ஒன்றரை டன்னையும் கணக்குப் பார்த்து விடலாம். சரக்கு 1500, வண்டி 800, டிரைவரும் லோடுமேனும் சேர்ந்து 130. மொத்தம் 2430 கிலோ. எட்டுப் பிளை டயர் நான்கும் சேர்ந்தே 2120 கிலோதான் தாங்கும். பின் இரண்டு டயரின் மேல் மட்டும் 1450 கிலோவுக்கு மேல் விழுகிறது, அவற்றின் சக்தியோ 1060. அப்படியும் ஓடுகிறதே என்றால், ஓடும். மே மாதப் பகலில், காற்றும் குறைவாக இருந்து, கத்திப்பாராவைத் தாண்டி வேகம் பிடிக்கும்போதுதான் வெடிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 1988ன் 194ஆம் பிரிவு 2019ல் திருத்தப்பட்டது. அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய், மிகுதிச் சரக்கை இறக்கும் செலவும் நம் தலையில். திருத்தத்துக்கு முன் இது 2,000 ரூபாயும் டன்னுக்கு 1,000 ரூபாயுமாக இருந்தது. வியாபாரிகள் கவனிக்க வேண்டியது அந்தப் பிரிவின் வாசகம். ஓட்டுகிறவர் மட்டுமல்ல, அப்படி ஓட்டச் செய்கிறவரும் ஓட்ட அனுமதிப்பவரும் அதில் அடக்கம். ‘வாடகை வண்டிதானே, டிரைவர் பாடு’ என்று நாம் ஒதுங்கிக் கொள்ள முடியாது. 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பாளரின் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயரின் கண் சுமையின் மீதும் டயரின் மீதும் போகாமல் இருக்குமா?

டயர் தேய்மானத்துக்கும் விதி இருக்கிறது. நான்கு சக்கர வண்டிகளின் டயரில் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் அது பாதுகாப்பற்றது என்று மத்திய மோட்டார் வாகன விதி 94 கூறுகிறது. அளக்கக் கருவி தேவையில்லை. பட்டன்களுக்கு நடுவே பள்ளத்தில் சிறு மேடு வைத்தே டயரைச் செய்கிறார்கள். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்து விட்டால் டயரின் காலம் முடிந்தது. எஃப்.சி. நாளுக்கு மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டி, சான்று கிடைத்ததும் மொட்டை டயரைத் திரும்பப் போடும் பழக்கம் நம் வட்டாரத்தில் தெரியாததல்ல. எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறை வருவது எஃப்.சி. டிரைவரோ தினமும் வண்டியில் ஏறுகிறார்.

டிஸ்க்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. டயர் வெடித்தால் சத்தம் வரும், டிஸ்க் விரிசல் விடுவது சத்தமில்லாமல் நடக்கும். சென்னைக்காரர்களான நாம் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வண்டிகளைத் தண்ணீரில் நிறுத்தி வைத்தவர்கள். மாம்பலத்தில் சக்கரம் மூழ்க நின்ற வண்டிகள் எத்தனை! நீர் வடிந்ததும் என்ஜினைப் பார்த்தோம், பேட்டரியைப் பார்த்தோம். சக்கரத்தைக் கழற்றி பேரிங் கிரீஸை மாற்றியவர் எத்தனை பேர்? தண்ணீர் கலந்த கிரீஸ் பேரிங்கைத் தின்னும். டயரின் ஓரம் அமரும் இடத்தில் டிஸ்க் துருப்பிடித்தால் காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். பஞ்சர் கடைக்காரர் தேடித் தேடி ஓட்டையே இல்லை என்பார். பெசன்ட் நகர், சாந்தோம் பக்கம் கடற்காற்றில் நிற்கும் வண்டிகளுக்கு வெள்ளம்கூடத் தேவையில்லை. டிஸ்க்கைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டிப் பெயிண்ட் அடித்தால் சில ஆண்டுகள் வரும். ஆனால் போல்ட் ஓட்டையைச் சுற்றி முடி போலக் கோடு தெரிந்தால் அந்த டிஸ்க்கை எடைக்குப் போட்டு விட வேண்டும். வெல்டிங் வைத்து ஓட்டுவது நாமே தேடிக் கொள்ளும் வினை. பளபளக்கும் அலாய் டிஸ்க்கும் நம் தொழிலுக்கு ஆகாது. கிலோ தாங்கும் அளவு பொறிக்கப்படாத அலங்காரச் சாமான் சொந்தக் காருக்கு இருக்கட்டும். நம் பாடியில் வீல்ஸ் இந்தியா 1960களிலிருந்து இரும்பு டிஸ்க் செய்கிறது. திருவொற்றியூரில் 1946ல் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். 1961ல் டயர் செய்ய வந்தது. எந்தக் கம்பெனி வாங்குவது என்பது உங்கள் விருப்பம். நல்ல சரக்கு நம் ஊரிலேயே கிடைக்கும்போது, எண் தேய்ந்த பழைய டிஸ்க்கைத் தேடி அலைவானேன் என்பதே நம் கேள்வி.

டயர் மாட்டிய பிறகு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும். புதுப் பெயிண்ட்டும் தூசும் நசுங்கி நட்டு தளர்வது இயல்பு. கோயம்பேடு இரண்டு நடை போய் வந்தால் ஐம்பது கிலோமீட்டர் ஆகிவிடும். பத்து நிமிட வேலை. நட்டின் மேல் ஏறி மிதித்து முடுக்குவதும் கூடாது, போல்ட் நீண்டு பின்னால் ஒடியும்.

காற்று விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் நஷ்டப்படுகிறார்கள். பெட்ரோல் பங்கில் பையன் ‘எவ்வளவு?’ என்பான். டிரைவர் பழக்கத்தில் ‘முப்பத்தஞ்சு’ என்பார். அது கார் கணக்கு. எட்டுப் பிளை எல்.டி. டயர் தன் 530 கிலோவைத் தாங்க வேண்டுமானால் அதற்கு 65 பவுண்டு அளவில் காற்று வேண்டும். உங்கள் வண்டிக்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கிறது. அதைப் பெயிண்ட்டில் சக்கரத்துக்கு மேலேயே எழுதி வைத்து விடுங்கள். காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்ந்து சூடாகும், சூட்டில் ரப்பரும் நூலும் பிரியும். எட்டுப் பிளை டயரை முப்பத்தைந்தில் ஓட்டுகிறவர் எட்டுப் பிளைக்குக் கொடுத்த காசை வீணடிக்கிறார். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் சூடேறாதபோதே பார்க்க வேண்டும். மதியம் சூட்டில் பார்த்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கி விடுவது பெரிய தவறு. நைட்ரஜன் நல்லதா என்று சிலர் கேட்கிறார்கள். அளவு சரியாக இருந்தால் சாதாரணக் காற்றே போதும்.

நம் பகுதிக்கென்று ஒரு தொல்லையும் இருக்கிறது. மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை தொடங்கியதிலிருந்து லஸ், மந்தைவெளி, பனகல் பார்க், அடையாறு எங்கும் மாற்றுப் பாதை, இரும்புத் தகடு, உடைந்த ஓரக்கல். சந்தில் திரும்பும்போது பக்கச் சுவர் கல்லில் உரசிக் கிழிகிறது. பட்டன் புதிதாக இருந்தும் பக்கச் சுவரில் வெட்டு விழுந்த டயர் கெட்ட டயரே. அங்கே ஒட்டுப் போட்டுத் தரும் கடை உண்டு, சரக்கு வண்டிக்கு அதை ஏற்கக் கூடாது. ரீட்ரேடு பற்றிக் கேட்பவர்களுக்கு: உடல் நன்றாக இருக்கும் டயரை நல்ல இடத்தில் ரீட்ரேடு செய்தால் பெரிய லாரியின் பின் சக்கரத்துக்கு அது சிக்கனம்தான், அங்கே ஜோடி டயர் இருக்கிறது. நம் ஒற்றைச் சக்கர வண்டியில் ஒன்று போனால் தாங்க வேறொன்று இல்லை. முன்னால் வேண்டவே வேண்டாம் என்போம்.

வாங்கும்போது பக்கச் சுவரில் நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். 1825 என்றால் 2025ஆம் ஆண்டின் 18ஆவது வாரம் செய்தது. மாவு, மசாலா பாக்கெட்டில் தேதி பார்த்து வாங்கும் நாம் டயரில் மட்டும் பார்க்காமல் வாங்குகிறோம்.

விலையைப் பற்றி முணுமுணுப்பு இருக்கும். புது டயருக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. பில்லோடு வாங்கினால், சரக்கு வண்டியின் டயருக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக் கொள்ளலாம். தடை பயணிகள் வண்டிகளுக்குத்தான். காம்பவுண்டிங் முறையில் உள்ள சிறு வியாபாரிகளுக்கு இந்த வசதி கிடையாது. மற்றவர்கள் பில் இல்லாமல் வாங்கி ‘மிச்சம்’ பிடிப்பதில் உண்மையில் மிச்சம் எவ்வளவு என்று ஆடிட்டரிடம் கேட்டுக் கொள்வது நல்லது.

இத்தனைக்கும் மேலே, கசப்பான விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதிகச் சுமை டிரைவரின் பேராசையால் மட்டும் வருவதில்லை. நாம் நடை கணக்கில் வாடகை பேசுகிறோம். ‘ஒரே நடையில் முடித்துக் கொடு’ என்கிறோம். இரண்டு நடைக்கு இரண்டு வாடகை கேட்டால் அடுத்த வண்டியைக் கூப்பிடுகிறோம். அவரும் தவணை கட்ட வேண்டியவர், ஏற்றிக் கொள்கிறார். டயர் வெடிக்கும்போது முன் இருக்கையில் இருப்பவர் அவர், மூட்டை மேல் உட்கார்ந்திருப்பவர் லோடுமேன். கல்லாவில் இருக்கும் நமக்குச் செல்போனில் தகவல் வரும்.

ஆகவே நம் செயற்குழுவின் முன் ஒரு யோசனையை வைக்கிறோம். கோயம்பேடு, செங்குன்றம், கோவிந்தப்ப நாயக்கன் தெரு ஆகிய இடங்களிலிருந்து நம் பகுதிக்கு வரும் வாடகையை நடைக்கு இவ்வளவு என்பதை விட்டு, கிலோ கணக்கில் பேசி முடிவு செய்யலாம். முக்கால் டன் வண்டிக்கு 26 கிலோ அரிசி மூட்டை என்றால் 28, ஐம்பது கிலோ சர்க்கரை மூட்டை என்றால் 15, அதற்கு மேல் இரண்டாவது நடை, இரண்டாவது வாடகை. (25 கிலோ வரை பையிலடைத்த அரிசிக்கு 2022 ஜூலையில் வரி வந்த பிறகு 26 கிலோ மூட்டை பிறந்த கதை நமக்கெல்லாம் தெரிந்ததே.) எண்ணிக்கையைச் சரக்கு பில்லிலேயே குறித்து விட்டால் ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும் வாக்குவாதம் இராது. மளிகைக்குக் கிலோவுக்குச் சில காசுகள் கூடும் என்பதை மறைக்கவில்லை. அதோடு, நல்ல காற்றுமானி ஒன்றைச் சங்க அலுவலகத்தில் வாங்கி வைத்து, காலை ஏழு மணிக்கு முன் வரும் எந்தச் சரக்கு வண்டிக்கும், அது உறுப்பினரின் வண்டியானாலும் வாடகை வண்டியானாலும், காசு வாங்காமல் அளந்து கொடுக்கலாம். சொந்த வண்டி வைத்திருக்கும் உறுப்பினர்கள் தங்கள் டயர் அளவையும் சுமைக் குறியீட்டு எண்ணையும் எழுதிக் கொடுத்தால், ஒரே அளவு கேட்போரைச் சேர்த்து மொத்தமாக விலை பேசவும் முடியும். பருப்பு வாங்க நாம் செய்வது அதைத்தானே. விருப்பமுள்ளவர்கள் அடுத்த கூட்டத்துக்கு முன் வண்டியின் ஆர்.சி. நகலோடு செயலாளரிடம் கொடுத்து விடவும்.